சுல்தானின் நீரூற்று முன்னால் வாசிக்கத் தெரியாத இரண்டு பேர்

இஸ்தான்புல்லில் அது எனக்கு இரண்டாவது நாள். வெளிநாட்டுப் பயணம் என்றாலே அதுதான் முதல் தடவை. ஆயா சோஃபியாவைப் பார்த்துவிட்டு, பின்பக்கமாக தொப்காபி மாளிகை வாசலை நோக்கி நடந்தால் வெளியில் தனியாக ஒரு குட்டி மாளிகை நிற்கும். யாரோ பெரிய ஆள் குடியிருந்த இடமாக்கும் என்று நினைச்சேன். கிட்டப் போனால் அது தண்ணீர் குடிக்கிற இடம்! சுல்தான் மூன்றாம் அஹ்மத் 1728இல் கட்டினது. நாலு பக்கமும் குழாய். நாலு மூலையிலும் கம்பி ஜன்னல். உள்ளே ஆட்கள் நின்று வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் வார்த்துக் கொடுப்பாங்களாம். நம்ம ஊர்த் தண்ணீர்ப்பந்தலைப் பளிங்கில் கட்டி, தங்கம் பூசினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

சுவரெல்லாம் அரபு எழுத்து. என்னோடு வந்தவன், நான் தங்கியிருந்த விடுதியில் பகுதிநேரமாக வேலை செய்த பல்கலைக்கழக மாணவன். "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

சின்ன வயசில் குர்ஆன் மதரசாவில் ஓதின பழக்கம். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த எழுத்துகளில் 'அஹ்மத்' கெதியாகப் பிடிபட்டது. பிறகு 'கான்'. அதற்குப் பிறகு 'ஸு' மாதிரி ஒன்று. அர்த்தம் எதுவும் விளங்கல்ல.

அவன் துள்ளிட்டான். "சு! தண்ணீர்! அது எங்கட சொல்!"

எழுத்து எனக்குத் தெரியும், பாஷை தெரியாது. அவனுக்குப் பாஷை தெரியும், எழுத்து தெரியாது. அவன் பிறந்து வளர்ந்த நாட்டில், அவனுடைய தாய்மொழியில் எழுதினதை வாசிக்க இலங்கையில் இருந்து ஒரு ஆள் வர வேண்டியிருந்தது.

இது எப்படி நடந்தது? அந்த நீரூற்றில் இருந்து கடலைப் பார்த்து இறங்கினால் சராய்புர்னு வரும். 1928 ஆகஸ்ட் 9ஆம் திகதி இரவு அங்கேதான் முஸ்தபா கமால், துருக்கி மொழிக்கு இனி லத்தீன் எழுத்து என்று மக்களுக்கு அறிவித்தார். நவம்பர் 1இல் சட்டம் வந்தது. டிசம்பரில் பத்திரிகைகள் மாறின. 1929 ஜனவரியில் இருந்து புத்தகங்களும் புது எழுத்தில்தான். கொஞ்ச வருஷம் இரண்டு எழுத்தும் சேர்ந்து ஓடட்டும் என்று சொன்னவர்களும் இருந்தாங்க. அவர் சம்மதிக்கல்ல.

நியாயமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. துருக்கி மொழியில் எட்டு உயிரெழுத்துகள். அரபு எழுத்தில் அதைக் காட்ட ஏலாது. 'ஆனது' என்பதற்கும் 'இறந்தது' என்பதற்கும் உள்ள இரண்டு சொற்கள் வாயால் சொன்னால் வேறு, பழைய எழுத்தில் எழுதினால் ஒன்றே. (தமிழ் எழுத்திலும் அந்த வித்தியாசத்தைக் காட்ட ஏலாது, நானும் முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன்.) 1927 குடிசன மதிப்பீட்டில் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் பத்துக்கு ஒருவர் அளவுதான். புது எழுத்து வந்ததும் பெரியவர்களுக்கு 'தேசப் பள்ளிகள்' திறந்தாங்க. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெயரெழுதக் கற்றவர்கள் ஏராளம். அவர்களுக்கு அது விடுதலை.

ஆனால் விலையும் இருந்தது. 1932இல் துருக்கி மொழிச் சங்கம் வந்து, அரபு, பாரசீகச் சொற்களையும் களையத் தொடங்கினாங்க. பள்ளிக்கூடத்துக்கு இருந்த 'மெக்தெப்' போய் 'ஒகுல்' வந்தது. 1927இல் கமால் 6 நாளில், 36 மணித்தியாலம் பேசிய புகழ்பெற்ற உரை இருக்கு. பிறகு வந்த தலைமுறைக்கு அதையே இன்றைய துருக்கியில் திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. மாற்றத்தைக் கொண்டுவந்தவரின் பேச்சே பேரப்பிள்ளைகளுக்கு விளங்கல்ல.

நீரூற்றிலும் அப்படி ஒன்று தொலைஞ்சிருக்கு. அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. நம்ம ஊர்க் கடைகளில் 786 என்று எழுதுவாங்களே, அந்தக் கணக்கு. சுல்தானின் கவிதை வரி ஒன்றின் எழுத்துகளைக் கூட்டினால் 1141, அது கட்டின ஹிஜ்ரி ஆண்டு. லத்தீனில் எழுதினால் வரி இருக்கும், ஆண்டு இருக்காது.

பக்கத்துக் கடையில், இடை ஒடுங்கின கிளாசில் பிளேன்டீ குடிக்கும்போது அவன் சொன்னான்: "ஊரில் பூட்டனாரின் மீஸான் கல்லை வாசிக்க இமாமைக் கூட்டிக்கொண்டுதான் போனோம்." நான் ஒன்றும் பேசல்ல. எனக்கு உம்மம்மாவின் அலுமாரி ஞாபகம் வந்துட்டுது.

அதில் அட்டை கிழிந்த ஒரு கிதாபு இருக்கு. அரபுத்தமிழ். அரபியில் இல்லாத ப, ழ, ண மாதிரியான ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டி, அரபு எழுத்திலேயே தமிழை எழுதினது. துருக்கியரும் தங்கட மொழிக்கு அதைத்தானே செய்தாங்க. உம்மம்மா அதைச் சத்தமாக வாசிப்பா. அவ மௌத்தான பிறகு யாரும் திறக்கல்ல. இங்கே எந்த அரசும் சட்டம் போடல்ல, தடையும் செய்யல்ல. நாங்களாகவே விட்டுட்டோம்.

ஊருக்கு வந்த அன்றிரவே அதை எடுத்தேன். முதல் பக்கத்தில் ஒரு எழுத்து புரியல்ல, விட்டுட்டு அடுத்ததைக் கூட்டினேன். அரை மணித்தியாலத்தில் ஒரு வரி வந்தது. 'பிள்ளை' என்ற சொல்லைப் பார்த்ததும், விட்ட எழுத்து 'ப' என்று விளங்கிச்சு.

இந்த எழுத்தும் எனக்குத் தெரியும், பாஷையும் தெரியும். இதை வாசிக்க வேறு நாட்டில் இருந்து யாரும் வரத் தேவையில்லை. உங்கட வீட்டு அலுமாரியிலும் ஒன்று கிடக்கலாம். ஒருக்கா திறந்து பாருங்க.