நாஞ்சில் நாட்டில் மக்கள்வழியும் மருமக்கள்வழியும்: ஒரு சமூக முரணின் இலக்கிய, வரலாற்றுத் தடங்கள்

திறவுச்சொற்கள்: மருமக்கள்வழி, நாஞ்சில் நாட்டு வேளாளர், காரணவர், தம்பிமார் கதை, கவிமணி, வாரிசுரிமை

முன்னுரை

தமிழ் யாப்பிலக்கணம் முரணைத் தொடை வகைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. சொல்லாலோ பொருளாலோ மாறுபட்டவை எதிரெதிர் நிற்பதாலேயே அங்கு அடி தொடுக்கப்படுகிறது. சமூக வாழ்விலும் சில முரண்கள் இத்தகையவை. ஓர் அமைப்பைக் குலைப்பதற்கு முன்னர் நெடுங்காலம் அவையே அதனை இழுத்துக் கட்டி நிறுத்துகின்றன. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாட்டில், வேளாளருள் ஒரு பிரிவினரிடையே வழங்கிய மருமக்கள்வழி உரிமைமுறை இதற்குத் தக்க சான்றாகும். ஒருவர் சொத்து அவருடைய மக்களுக்குச் செல்லாது உடன்பிறந்தாளின் மக்களுக்குச் செல்லும் என்பதே அம்முறை. அது எவ்வாறு நிலைத்தது, எங்கு இற்றது, இலக்கியம் அதில் செய்த பணி யாது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

முரணின் இருப்பிடம்

மருமக்கள்வழி கேரளத்து நாயர்களிடமும் இருந்தது. ஆயினும் அவர்களிடையே பொதுவாக மனைவி தன் தாய்வழித் தறவாட்டிலேயே வாழ்ந்தாள். அவள் மக்களும் அங்கேயே வளர்ந்தனர். தந்தையின் சொத்து வேறிடம் சென்றாலும் அவர்கள் நின்ற நிலம் மாறுவதில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளர் வழக்கு வேறு. மணமான பெண் தமிழ் மரபின்படி கணவன் வீடு புகுந்தாள். மாமியின் ஆட்சியில் வாழ்ந்தாள். மக்கள் தந்தையின் வயலில் உழைத்தனர். தந்தை இறந்த அன்றே அந்த வீடும் வயலும் மருமகனுக்கு உரியவையாயின. குடியிருப்பு தமிழ்நாட்டு வழக்கையும் உரிமை மலைநாட்டு வழக்கையும் பின்பற்றியமையால், ஒவ்வொரு வீட்டிலும் இரு நெறிகள் மோதின. மன்னர் ஆணையால் இம்முறை புகுந்தது என்னும் செவிவழிச் செய்தியினும், இந்த இருமை முரணை நன்கு விளக்குகிறது.

இத்தகைய அமைப்பு தலைமுறைகள் பல நீடித்தமைக்கு அதனுள்ளேயே இருந்த வடிகால்கள் காரணமாகும். தந்தையின் உடைமையில் மக்களுக்கு ஒரு சிறு பகுதி ‘உகந்துடைமை’யாகவும், மனைவிக்குப் பேணுதொகை ‘நங்குடைமை’யாகவும் கிடைத்தன. இவற்றினும் நுட்பமானது முறைமணம். தமிழில் ‘மருமகன்’ என்னும் சொல் உடன்பிறந்தாள் மகனையும் மகளின் கணவனையும் ஒருசேரக் குறிக்கும். காரணவரின் மகளை அவர் மருமகனே மணந்தால் இரு பொருளும் ஒருவரிடம் கூடின. சொத்து மருமகனிடம் சென்றும் மகளின் வீட்டிலேயே தங்கியது. எனினும் இது ஒரு தலைமுறைக்கான ஆறுதலே. அம்மருமகனுக்குப் பின் உடைமை அவன் மகனை விட்டு மீண்டும் அவன் சகோதரியின் மகனை நாடியது. காரணவர் பல மனைவியரை மணந்தபோது இந்த வடிகாலும் அடைபட்டது. எல்லார் மகளிரையும் மணப்பதற்கு மருமக்கள் ஏது?

அரியணையில் அதே வழக்கு

வீட்டில் அடங்கியிருந்த இந்த முரண் அரண்மனையில் குருதி சிந்தியது. வேணாட்டு மன்னர் இராமவர்மா 1729இல் இறந்தபோது மருமக்கள்வழி உரிமையால் மார்த்தாண்ட வர்மா அரசேற்றார். மறைந்த மன்னரின் மக்களான பப்புத் தம்பி, இராமன் தம்பி ஆகியோர் தமக்கே உரிமை எனக் கிளர்ந்தனர். எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் புதிய மன்னரை எதிர்த்தனர். தம்பியர் இறுதியில் கொல்லப்பட்டனர்.

இந்நிகழ்வு இருவகையாக நினைவுகூரப்பட்டமை கருதத்தக்கது. சி. வி. இராமன் பிள்ளையின் மலையாள நாவலான ‘மார்த்தாண்டவர்மா’ (1891) தம்பியரைப் பகைவராகவே காட்டுகிறது. தென்திருவிதாங்கூரில் வழங்கிய தமிழ்க் கதைப்பாடலான ‘தம்பிமார் கதை’யோ அவர்களுக்காக இரங்குகிறது, அவர்தம் தங்கையை மன்னர் விரும்பியதைப் பகைக்கு ஒரு காரணமாக வைத்துப் பூசலைக் குடும்பக் கதையாக்குகிறது. வென்றவனின் அரசை உருவாக்கிய நிகழ்வு, பாடுவோரிடத்தில் தந்தை வீட்டை இழந்த மக்களின் கதையாயிற்று. கேட்டிருந்தோருள் அந்நிலையைத் தம் வீட்டிலேயே கண்டவர் பலர் இருந்திருப்பர். அப்பாடலின் இரக்கத்திற்கு அதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

மான்மியம் செய்த பணி

வழக்காற்றை எதிர்த்து உரிமை கோர மக்களுக்கு நெறியில்லை, மருமக்களுக்குத் தேவையில்லை. காரணவரோ இளமையில் மருமகனாகப் பெற்றதை முதுமையில் தந்தையாக நின்று மறுக்க இயலாதவர். எனவே இம்முரணைப் பேசத்தக்க குரல் எது என்பது ஓர் இலக்கியச் சிக்கலும் ஆகும். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954), 1917–18இல் ‘தமிழன்’ இதழில் வெளிவந்த ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய’த்தில் அதற்குக் கண்ட விடை, காரணவரின் ஐந்தாம் மனைவி. எந்த வழியிலும் உரிமை இல்லாதவள் அவள். ஆதலால் எல்லாவற்றையும் சொல்லக்கூடியவளும் அவளே.

தலங்களின் பெருமை கூறும் ‘மான்மியம்’ என்னும் வகையைக் கேட்டினைக் கூறக் கையாண்டதில் அங்கதம் தொடங்குகிறது. ‘மாமி அரசியற் படலம்’, ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’ முதலிய தலைப்புகள் காப்பியப் படலங்களைப் போன்று ஒலித்து அடுக்களைக்கும் நீதிமன்றத்துக்கும் இட்டுச்செல்கின்றன. ‘கோடு’ என்பது இங்கு நீதிமன்றம். வழக்காடியே குடும்பம் அழிந்தது என்பதை ஒரு தலைப்பே சொல்லிவிடுகிறது. 1889இல் வெளிவந்த சந்துமேனோனின் ‘இந்துலேகா’வும் காரணவரின் ஆதிக்கத்தை எதிர்த்தது, ஆனால் அங்கு எதிர்ப்பவர் ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர். கவிமணியின் பேச்சாளிக்குக் கல்வியும் இல்லை, போக்கிடமும் இல்லை. பாதிக்கப்பட்ட மனைவியர் காரணவரை விட்டு ஒருவரையொருவர் பகைப்பதையும் நூல் மறைக்கவில்லை. அதன் நகைச்சுவையில் பெரும்பகுதி அப்பூசலிலிருந்தே பிறக்கிறது என்பது இன்றைய வாசகரைச் சற்று நெருடவே செய்யும்.

இந்நூலே சட்டத்தைக் கொணர்ந்தது என்னும் கூற்று மிகையானது. நூல் எழுதப்படுவதற்கு முன்பே, 1912இல், திருவிதாங்கூரில் முதல் நாயர் ஒழுங்குச்சட்டம் வந்துவிட்டது. 1925இல் நாயர்களுக்கும் ஈழவர்களுக்கும் விரிவான சட்டங்கள் இயற்றப்பட்டன. நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் (கொல்லம் ஆண்டு 1101இன் 6ஆம் சட்டம்) 1926இல் அவற்றைத் தொடர்ந்தது. சட்டத்தின் காலத்தை அக்கம்பக்கத்துச் சமூகங்களின் கிளர்ச்சி உறுதிசெய்தது எனலாம். மான்மியத்தின் பங்கு வேறு: பங்கு, உரிமை என்னும் சொற்களில் நடந்த வாதத்தை அது பசி, வசை, வெளியேற்றம் என்னும் சொற்களுக்கு மாற்றியது. நூல் கேளாத குரலும் ஒன்று உண்டு. அது காரணவரின் சகோதரியுடையது. அவள் வழியாகவே குடியும் நிலமும் இறங்கின. மக்கள்வழி வென்றபோது மனைவி பெற்ற இடம் சகோதரி இழந்த இடமாகும். அவளுக்கென ஒரு மான்மியம் எழுந்திலது.

சட்டத்திற்குப் பின்

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மருமக்கள்வழிச் சட்டங்களை வரையறுக்கும்போது நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தையும் பெயர் சுட்டிக் குறிக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. ஆகவே 1975இல் கேரளம் கூட்டுக்குடும்ப முறையை ஒழித்து இயற்றிய சட்டத்தின் எல்லைக்குள் கன்னியாகுமரி மாவட்டம் வரவில்லை. தறவாட்டுச் சொத்தைப் பற்றி எழும் ஐயங்களுக்குத் திருவிதாங்கூர்ச் சட்டத்தையும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்தே இங்கு விடை காணவேண்டியிருக்கிறது.