விழிப்புலனற்றோர் கல்வியிற் கணினி

விழிப்புலனற்ற மாணாக்கர் பாடநூலைத் தாமாகப் படிப்பதற்கும், கற்றதை எல்லோரும் வாசிக்கத்தக்க எழுத்திலே தருவதற்கும், பிறர் கைபிடித்து உதவக் காத்திராமல் ஒரு விஷயத்தைத் தேடி அறிவதற்கும் கணினியைத் துணைக்கொள்ளும் முறை, இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் மேனாடுகளிலே உருப்பெற்றுப் பின்னர் இலங்கையின் வகுப்பறைகளையும் வந்தடைந்தது. இந்நாட்டைப் பொறுத்தவரையில் அதன் வரலாற்றை இரத்மலானையிலிருந்து தொடங்குதலே முறையாகும். கொழும்புக்குத் தெற்கே காலி வீதியை அண்டியுள்ள அவ்வூரிலேதான், மேரி சாப்மன் என்னும் மிஷனரி அம்மையாரின் முயற்சியால் 1912 ஆம் ஆண்டில் தோன்றிய செவிப்புலன், விழிப்புலனற்றோர் பாடசாலை இன்றும் நடைபெற்று வருகின்றது. அதன் வழிவந்த கைதடி நவீல்ட் பாடசாலை 1956 இல் வடக்கிலே நிறுவப்பெற்றுத் தமிழ் மொழிவழிக் கல்வியை ஏற்றுக்கொண்டது. 1960களின் இறுதியிலிருந்து விழிப்புலனற்ற பிள்ளைகள் சாதாரண பாடசாலைகளிலும் ஏனையோருடன் ஒருங்கே கற்கத் தொடங்கினர்.

இக்கல்விக்கு அடிப்படையாய் அமைந்தது பிரெய்ல் எழுத்து. பாரிஸ் நகரிலே தாமும் பார்வையிழந்தவராய்க் கற்ற லூயி பிரெய்ல் 1829 இல் நூல்வடிவில் வெளியிட்ட இம்முறை, ஆறு புள்ளிகளின் சேர்க்கையால் 63 குறிகளைத் தருவது. 1951 இல் யுனெஸ்கோவின் ஆதரவில் பெய்ரூட்டிலே நடைபெற்ற மகாநாட்டை ஒட்டித் தென்னாசிய மொழிகள் பலவற்றின் குறிகள் தம்முள் ஒத்திருக்குமாறு வகுக்கப்பட்டன. பிரெய்லின் மேன்மை சந்தேகத்துக்கு இடமற்றது. ஆயினும் அதற்குரிய தடித்த தாளும் புடைத்த புள்ளிகளும் சேர்ந்து, ஒரு சாதாரண வரலாற்றுப் பாடநூலைப் பல பெருந்தொகுதிகளாக்கிவிடும். பாடத்திட்டம் மாறுந்தோறும் அவற்றை மீண்டும் ஆக்கவேண்டும். பிள்ளை பிரெய்லில் எழுதிய விடையை, அதனை அறியாத உபாத்தியாயரால் படித்துத் திருத்த இயலாது. ஒருங்கிணைந்த வகுப்பிலே கற்கும் பிள்ளைக்கும் அவரது ஆசிரியருக்கும் இடையே நின்ற இத்தடையைக் கணினி நீக்கியதே அதன் முதற்பெரும் பிரயோசனம் எனலாம். பிள்ளை விசைப்பலகையில் எழுதுவதை ஆசிரியர் கண்ணாற் படிக்கிறார்; ஆசிரியர் எழுதித் தருவதைப் பிள்ளை செவியாற் படிக்கிறது.

இது கைகூடுவது திரை வாசிப்பான் எனப்படும் மென்பொருளால். திரையில் உள்ள எழுத்துக்களின் குறியீடுகளை அது உணர்ந்து, செயற்கைக் குரலைத் தோற்றுவிக்கும் மற்றொரு மென்பொருளுக்கு அனுப்ப, அது அவற்றை ஒலியாக்குகிறது. சுட்டியைக் கைவிட்டு, எஃப், ஜே ஆகிய விசைகளின் மேலுள்ள சிறு மேடுகளை விரலால் அடையாளங்கண்டு மாணாக்கர் தட்டச்சுப் பழகுகின்றனர். அம்புக்குறி விசைகளால் வரிவரியாகவும், சொற்சொல்லாகவும், எழுத்தெழுத்தாகவும் நகர்ந்து கேட்கின்றனர். இத்துறையில் நெடுங்காலம் பிரசித்தி பெற்றிருந்த ஜாஸ் என்னும் மென்பொருள் நமது பாடசாலைகளின் சக்திக்கு அப்பாற்பட்ட விலையுடையது. 2006 இல், பார்வையற்றவரான மைக்கேல் கரன் என்னும் அவுஸ்திரேலிய இளைஞர் தொடங்கி, அவரைப் போன்றே பார்வையற்றவரான ஜேம்ஸ் டே என்பவருடன் சேர்ந்து வளர்த்த என்விடிஏ என்னும் திரை வாசிப்பான் எவருக்கும் இலவசமாகக் கிடைப்பது. இஸ்பீக் என்னும் குரல்தொகுப்பியின் துணையால் தமிழையும் வாசிப்பது. வறிய நாட்டுப் பிள்ளைகளுக்கு இவ்விருவரும் செய்த உபகாரம் அளவிடற்கரியது.

செவி ஒன்றையே நம்பிக் கற்பதில் ஒரு குறையுண்டு என்பதையும் இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். ரகரத்துக்கும் றகரத்துக்கும் இயந்திரக் குரல் வேறுபாடு காட்டுவது அரிது. லகர, ளகர, ழகரங்களும், னகர, ணகரங்களும் அவ்வாறே. கேட்டுமட்டுமே தமிழைப் பயின்ற பிள்ளை, பொருளை நன்கு கிரகித்திருந்தும், எழுத்திலே தடுமாறக்கூடும். எனவே ஆரம்ப வகுப்புக்களிற் பிரெய்லைக் கைவிட்டு நேரே கணினிக்குச் செல்லுதல் தவறென்றே கொள்ளவேண்டும். கணினித் திரையிலுள்ளதை விரலுக்குப் புலனாகும் புள்ளிகளாக எழுப்பிக்காட்டும் பிரெய்ல் காட்டிகள் இக்குறையைத் தீர்க்கவல்லன. ஆனால் அவற்றின் விலை இலட்சக்கணக்கான ரூபாவாகும்.

இவற்றினும் பெரிய இடர் யந்திரத்தில் இல்லை. நாம் எழுதும் முறையில் இருக்கிறது. இலங்கைத் தமிழரிடையே பல்லாண்டுகளாகப் பரவலாய் வழங்கிவரும் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களின் குறியீடுகளின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தியது. கண்ணுள்ளவர் திரையிலே ‘அம்மா’ என்று காணுமிடத்தில், கணினியினுள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் வரிசையே. திரை வாசிப்பான் அதனையே வாசிக்கும். அவ்வாறு தட்டச்சிட்ட பாடக்குறிப்பு, எத்துணைச் சிரமப்பட்டு ஆக்கப்பட்டதாயினும், விழிப்புலனற்ற மாணவருக்கு வெற்றுத்தாளினும் பயனற்றது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் அதற்கே உரிய குறியீட்டை வழங்கும் யூனிகோட் என்னும் பொதுமுறையிலே தமிழ் 1991 முதலே இடம்பெற்றுள்ளது. இலங்கைத் தர நிர்ணயமும் தமிழுக்கென வகுக்கப்பட்டிருக்கிறது. இருந்தும் பழைய வழக்கம் இன்னும் விடவில்லை. படமாக வருடிச் சேமித்த பக்கங்களும் இவ்வாறே ஊமையாய் நிற்பவை. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது கையெழுத்துக் குறிப்புக்களின் புகைப்படங்களே வாட்ஸ்அப் வழியாக மாணாக்கரிடையே பரவின. அவற்றைப் படித்துச் சொல்ல வீட்டிலே ஒருவர் இல்லாத பார்வையற்ற பிள்ளைக்கு அக்காலத்துக் கல்வி எட்டாமலே போனது. இதற்கு மாறாக, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், திருக்குறள் முதலான இலக்கியங்களைத் தன்னார்வலர் கையால் எழுத்தெழுத்தாய்த் தட்டச்சிட்டு யூனிகோட்டிலும் வைத்திருப்பதால், இரத்மலானையிலோ கைதடியிலோ இருக்கும் மாணவர் ஒருவர் எவருடைய அநுமதியும் உதவியுமின்றிச் சங்க நூல்களைத் தாமே படிக்கலாம். அச்சுப் பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் வித்தையை 1976 இலேயே ரே கேர்ஸ்வைல் என்பவர் ஆங்கிலத்திற்குச் செய்து காட்டினார். தமிழுக்கும் அத்தகைய மென்பொருள்கள் இப்போது உள்ளன, ஆயினும் பழைய அச்சிலும் மங்கிய தாளிலும் அவை பிழைபடுகின்றன.

கணிதச் சமன்பாடு, புவியியற் படம், விஞ்ஞான வரைபு ஆகியவற்றைக் குரலால் மாத்திரம் விளக்க முடியாது. இவற்றுக்குத் தொட்டுணரும் படங்களும் ஆசிரியரின் வாய்மொழியும் அவசியம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. பதிப்புரிமையுள்ள நூல்களைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற இடமளிக்கும் மராக்கேஷ் உடன்படிக்கையிலும் அதே ஆண்டிற் சேர்ந்தது. நாடு ஏற்ற இக்கடமையில் ஒரு பங்கை ஆசிரியர் ஒவ்வொருவரும் இன்றே நிறைவேற்றலாம். அதற்குப் புதிய யந்திரமோ பணமோ வேண்டியதில்லை. பாமினியிலுள்ள பழைய குறிப்புக்களை மாற்றித்தரும் உருமாற்றிகள் இணையத்திலே இலவசமாய் உள்ளன. தமிழிற் பாடம் எழுதுவோர், வினாத்தாள் ஆக்குவோர், நூல் வெளியிடுவோர் அனைவரும் இனி யூனிகோட்டிலேயே எழுதித் தருமாறு வேண்டிக்கொள்கிறோம்.