புழங்காத வெள்ளி: திருவிதாங்கூர் நாணயங்களைத் தரமிடுவதில் ஒரு சிக்கல்

பழைய வெள்ளி நாணயம் கைமாறும் இடங்களில் ‘யு.என்.சி.’ என்ற மூன்றெழுத்து இப்போது தாராளமாக வந்து விழுகிறது. புழக்கத்துக்கே வராத நாணயம் என்பது பொருள். விலையும் அதற்கேற்ப ஏறும். நாஞ்சில் நாட்டில் புழங்கிய வெள்ளிக்கு இந்த முத்திரையை அப்படியே குத்துவது தவறு என்பது என் வாதம். இங்கே தேயாமல் இருப்பதெல்லாம் புழங்காததும் அல்ல, தேய்ந்ததுபோல் தெரிவதெல்லாம் புழங்கியதும் அல்ல.

அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் பழைய பெரிய செப்புச் சென்ட்களுக்காக வில்லியம் ஷெல்டன் 1949-இல் வகுத்தது 1 முதல் 70 வரையிலான எண்வரிசை. இன்ன காசு என்று மட்டும் அடையாளம் தெரியுமளவுக்குத் தேய்ந்ததன் விலை ஒன்று என்றால், குறையே இல்லாததன் விலை எழுபது. ஆக, பிறக்கும்போதே அது சந்தைக் கணக்கு. 60 முதல் மேலுள்ள படிகள் புழங்காதவற்றுக்கு. 1986-இல் பி.சி.ஜி.எஸ்., மறு ஆண்டு என்.ஜி.சி. என்ற அமெரிக்க நிறுவனங்கள் நாணயத்தைப் பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்து எண் ஒட்டித் தரத் தொடங்கியதும் அது உலக வழக்காயிற்று.

அதன் சொந்த ஊரிலேயே ‘புழங்காதது’ என்றால் ‘தீண்டாதது’ என்று பொருளில்லை. 1878 முதல் 1904 வரையிலும் மீண்டும் 1921-லும் அடிக்கப்பட்ட மார்கன் டாலர்களில் பெரும்பகுதி ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பையில் கட்டிக் கருவூலத்தில் கிடந்தவை. பையை நகர்த்தும்போதெல்லாம் ஒரு டாலரின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் பட்டுத் தழும்பாகும். கடைத்தெருவையே பார்க்காத டாலரும் 62, 63 என்று இறங்குவது இதனால்தான்.

அப்படிக் கிடந்த வெள்ளி நம் பக்கமும் வந்திருக்கிறது. போர்க்காலத்தில் காகித நோட்டை நீட்டி வெள்ளி ரூபாய் கேட்டு இந்தியர்கள் நெருக்கியபோது, 1918 ஏப்ரலில் அமெரிக்கா பிட்மன் சட்டத்தை நிறைவேற்றியது. 27 கோடிக்கும் மேற்பட்ட டாலர்கள் உருகின, ஏறத்தாழ 25.9 கோடி டாலரின் வெள்ளி இந்தியாவின் தேவைக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. டாலரில் தூய வெள்ளி 24.06 கிராம், ரூபாயில் 10.69 கிராம், ஒரு டாலருக்கு இரண்டேகால் ரூபாய். ஐந்தாம் ஜார்ஜின் அக்கால ரூபாய்களில் கருவூலத்து டாலரின் வெள்ளி கலந்திருக்கிறது.

இனித் திருவிதாங்கூரின் சக்கரம் என்ற சிறு வெள்ளிக் காசுக்கு வருவோம். 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டுடன் இணையும்வரை, நாஞ்சில் நாடு அடங்கிய குமரி மாவட்டம் திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியின் பகுதி. 16 காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். ரூபாயின் தூய வெள்ளியை அந்தக் கணக்கில் பங்கிட்டால் சக்கரத்துக்கு 0.375 கிராம் வருகிறது. கிடைக்கும் வெள்ளிச் சக்கரங்களின் எடையும் அதையொட்டியே நிற்கிறது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய காசு.

இதை விரலால் எண்ணி மாளாது. அதற்கென்றே சக்கரப் பலகை இருந்தது. கைப்பிடி வைத்த மரப்பலகையில் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான குழிகள். ஒரு குழியில் ஒரு சக்கரம்தான் உட்காரும். ஒரு கை சக்கரத்தை அள்ளிப்போட்டுப் பலகையை மெல்ல ஆட்டினால் குழிகள் நிரம்பும், மிஞ்சியதை வழித்துத் தள்ளினால் எண்ணிக்கை முடிந்தது. வேகம் வியப்பூட்டுவது. தரமிடுபவர் கவனிக்கவேண்டியது வேறு: கருவூல வாசலைத் தாண்டாத சக்கரமும் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் மரத்தோடும் சக காசுகளோடும் உரசியிருக்கிறது. அந்தத் தேய்மானத்தைச் சந்தைத் தேய்மானத்திலிருந்து பிரித்துச் சொல்ல லென்ஸால் ஆகாது.

அடுத்தது அடியின் குறை. கையால் அடித்த காசில் அச்சு ஒருபுறம் சாய்ந்தால் மறுபுறத்துப் பொட்டுகள் எழும்பாது. விற்பவர் அதைத் தேய்வு என்பார், அல்லது தேய்வையே ‘அடி சரியில்லை’ என்று மழுப்புவார். பிரித்தறிய வழி உண்டு. அடி விழாத இடத்தில் தகட்டின் பழைய சொரசொரப்பு அப்படியே இருக்கும். தேய்ந்த இடம் வழவழவென்று, மேட்டில் மட்டும் தட்டையாக இருக்கும். ஆனால் எழுபதுக்கு இத்தனை என்ற ஒற்றை எண்ணில் இந்த வேறுபாடு கரைந்துபோகிறது.

சங்கு முத்திரையும் கொல்லம் ஆண்டும் தாங்கிய இயந்திர அச்சுத் திருவிதாங்கூர் அரை ரூபாய், கால் ரூபாய்களுக்கு அமெரிக்கச் சோதனை ஓரளவு செல்லும். அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடி, கண்ணுக்குத் தெரியாத கோடுகளை விட்டுவைக்கிறது. விளக்கின் கீழ்க் காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி ஆரக்கால்போலச் சுழலும். புழக்கம் முதலில் தின்பது இதைத்தான். திருநீறும் புளியும் போட்டு விளக்குவதும் இதையேதான் தின்கிறது. பூசையறைச் செம்பை விளக்கிய கையோடு ரூபாயையும் விளக்குவது நம் வீட்டு வழக்கம். அந்தக் காசு பளிச்சென்று வெளுக்கும், ஆனால் ஒளி சுழலாது. கறுத்துப்போன காசே பெரும்பாலும் நம்பத்தக்கது. காதுவளையம் பற்றவைத்து மாலையில் கோத்தவற்றின் விளிம்பில் பொடி வைத்த தடத்தையும் தேடவேண்டும்.

பிரிட்டிஷ் இந்திய நாணயங்களில் இன்னொரு கண்ணி. பழைய அச்சுகளைக் கொண்டு கல்கத்தா, பம்பாய் அக்கசாலைகள் சேகரிப்பாளர்களுக்காகப் பிற்காலத்தில் மறுஅச்சுகள் அடித்துக் கொடுத்தன. அவை புழங்கவில்லை என்பது உண்மை. முகத்திலுள்ள ஆண்டில் பிறந்தவை என்பது உண்மையல்ல.

பேழைச் சான்று வாங்கினால் தீர்ந்தது என்பவர்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தைப் படிக்கவேண்டும். நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள்; மத்திய அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ தவிர யாரும் அதை ஏற்றுமதி செய்யக்கூடாது. 1918 ரூபாயை எண் வாங்க அமெரிக்காவுக்குத் தபாலில் அனுப்புவது சட்டமீறல். மண்ணில் கிடைத்ததென்றால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் வேறு இருக்கிறது: பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும்.

எண்ணுக்குப் பதில் அடி, தேய்வு, வைப்பு என்ற மூன்றையும் தனித்தனியே எழுதிவைப்பது நமக்குத் தகும். “ரூபாய், 1918, பம்பாய்ப் புள்ளி தெளிவு, அடி முழுமை, தேய்வு மன்னரின் காதருகே மட்டும், ஒருமுறையாவது விளக்கப்பட்டது, ஒளி சுழலவில்லை, விளிம்பில் பற்றுவைப்பு இல்லை, மரப்பெட்டியிலிருந்து எடுத்தது” என்ற மாதிரி ஒரு குறிப்பை விலைப்பட்டியலில் பொருத்த முடியாது என்று வணிகர் மறுக்கக்கூடும். ஆனால் ஒவ்வொரு கூற்றையும் இன்னொருவர் லென்ஸை எடுத்துச் சரிபார்க்கலாம், தவறென்று மறுக்கலாம். 63 என்ற எண்ணோடு அப்படி வாதாட இடமில்லை.