பூங்காவில் ஒரு துக்கக்கல்: தாமிரபரணியை எங்கே நினைப்பது?

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23 அன்று நெல்லை கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக் கரை நிரம்பிவிடுகிறது. கட்சிகளும் இயக்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆற்றில் மலர் தூவுகின்றன. சுற்றிலும் தடுப்புக் கம்பிகள், காவல் வண்டிகள். மாலையில் கம்பிகளை எடுத்துவிடுவார்கள். மறுநாள் அங்கே வந்து நிற்கும் கல்லூரி மாணவருக்கு, அந்த இடத்தில் 17 பேர் செத்தார்கள் என்று சொல்ல ஒரு பலகைகூடக் கிடையாது.

1999இல் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கூலி உயர்வு கேட்டுப் போராடிச் சிறைக்குப் போன மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கச் சொல்லி, புதிய தமிழகம் தலைவர் கிருஷ்ணசாமியும் மற்றக் கட்சியினரும் ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஆட்சியர் அலுவலகம் ஆற்றை ஒட்டியே இருக்கிறது. போலீஸ் தடியைச் சுழற்றியபோது கூட்டத்துக்கு ஓட இருந்த வழி ஆறுதான். இறந்த 17 பேரில் இரண்டு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்து, பெரும்பாலோர் நீரில் மூழ்கியே இறந்தார்கள் என்றது. காவல்துறை மீது பழி சொல்லவில்லை. ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படம் வேறு கதையைச் சொல்கிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள்.

நகரப் பூங்காக்களில் இதுபோன்ற சாவுகளுக்கு நினைவுக்கல் வைக்க வேண்டும் என்ற பேச்சு நம் இளைஞர்களிடம் அடிக்கடி எழுகிறது. ஆசை நியாயமானது. கீழ்வெண்மணியின் 44 பேருக்கும் மேலவளவு முருகேசனுக்கும் அவருடன் வெட்டப்பட்டவர்களுக்கும் நினைவிடங்கள் உண்டு. ஆனால் அவை அந்தந்த ஊர்களில் இருக்கின்றன; தேடிப் போகிறவன்தான் பார்க்கிறான். பூங்கா அப்படியல்ல. நடைப்பயிற்சிக்கு வருகிறவர், ஊஞ்சலுக்கு அடம்பிடிக்கும் பிள்ளையைக் கூட்டி வருகிறவர், நம் சாவைப் பற்றி ஒருநாளும் கேட்டிராதவர் எல்லோரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். சேரிக்குள் மட்டும் அழுதுகொண்டிருந்த துக்கம் ஊர்ப் பொதுவுக்கு வருகிறது என்றால் அது சின்ன விஷயமல்ல.

இதே நெல்லையில் 1908 மார்ச் 13 அன்று, வ.உ.சி. கைதை எதிர்த்து மக்கள் எழுந்தபோது போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். வ.உ.சி.க்கு மணிமண்டபம் இருக்கிறது. அந்த நால்வரின் பெயரை இந்த ஊரில் எத்தனை பேர் சொல்லிவிடுவார்கள்? தலைவருக்குக் கல் எளிதாகக் கிடைக்கிறது. கூட்டத்தில் செத்தவனுக்குத்தான் கிடைப்பதில்லை.

சட்டத் தடையும் உண்டு. சாலை, நடைபாதை போன்ற பொது இடங்களில் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், பொது இடத்துச் சிலைகளை எடுத்துத் 'தலைவர்கள் பூங்கா' அமைத்து அங்கே வைக்கலாம் என்றது. கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கரைப் பார்த்துப் பழகிய நமக்கு இன்னொரு கவலை: பூங்காவிலும் கூண்டு வருமோ? நாம் கேட்பது சிலையல்ல, பெயர் பொறித்த கல்தான் என்று வாதாடலாம். வாதாட வேண்டும்.

எங்களுக்கு அதைவிடப் பெரிய தயக்கம், கல்லில் என்ன எழுதுவார்கள் என்பது. 'நீரில் மூழ்கி உயிர் நீத்தவர்கள்' என்று எழுதினால் அந்தக் கல் வராமலிருப்பதே மேல். அரசு இடம் கொடுத்தால் வாசகத்தையும் அரசே கொடுக்கப் பார்க்கும். ஜாலியன்வாலா பாக்கைப் பாருங்கள். 1919இல் கொலைக்களம், 1961 முதல் நினைவிடம். 2021இல் புதுப்பித்தபோது, டயரின் படை நுழைந்த அந்தக் குறுகிய சந்தின் சுவர்களில் உற்சாகமாக நடந்துபோகும் மனிதர்களின் சிற்பங்களைப் பதித்தார்கள். ஒளிக்காட்சியும் வந்தது. வரலாற்றாளர்கள் பலர் கொதித்தார்கள். மூச்சு முட்ட வைத்த சந்து இப்போது படம் எடுத்துக்கொள்ளும் இடம். பூங்கா என்றாலே அழகுபடுத்துவதுதான் நிர்வாகத்துக்குத் தெரிந்த வேலை. துக்கத்தையும் செடி வெட்டுவதுபோல் வெட்டி ஒழுங்குபடுத்திவிடும்.

அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் 2018இல் திறந்த நினைவிடம் வேறு வழியைக் காட்டுகிறது. அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்ட கறுப்பின மக்களின் பெயர்களை, கொலை நடந்த மாவட்டவாரியாக, 800க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்களில் பொறித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தூணுக்கும் ஒரு நகல் வெளியே கிடக்கிறது. அந்தந்த மாவட்டம் வந்து எடுத்துப்போய்த் தன் மண்ணில் நட வேண்டும் என்பது ஏற்பாடு. எடுக்காத மாவட்டத்தின் தூண் அங்கேயே கிடந்து அந்த மாவட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். இதைக் கட்டியது அரசு அல்ல, ஒரு சட்ட உதவி அமைப்பு. வாசகம் அவர்கள் கையில் இருந்தது.

ஆகவே எங்கள் கருத்து இது. முதல் கல் ஆற்றங்கரையில், ஆட்சியர் அலுவலகம் கண்ணில் படும் இடத்தில் வேண்டும். அதை விட்டுக்கொடுத்துப் பூங்காவை வாங்கினால், சம்பவ இடத்தைத் துடைத்துக் கொடுத்தவர்களாவோம். அதற்குப் பிறகு நகரப் பூங்காக்களில் வைப்போம்: 17 பெயர்கள், தேதி, தடியடி என்ற சொல். கட்சிக் கொடியும் தலைவர் படமும் வேண்டாம். (இதில்தான் நம்மவர்களே முதலில் சண்டை போடுவார்கள் என்பது தெரிந்ததே.) வாசகத்தை இறந்தவர்களின் குடும்பங்கள் முடிவுசெய்யட்டும்.

குடும்பங்கள் என்று சொல்லும்போதே அவசரமும் வந்துவிடுகிறது. 1929இல் தொடங்கி 2028இல் முடியும் 99 ஆண்டுக் குத்தகை முடியுமுன்பே, 2024இல் நிறுவனம் மாஞ்சோலையில் வேலையை நிறுத்தியது. தலைமுறைகளாக மலையில் இருந்தவர்கள் சமவெளியில் சிதறிக்கொண்டிருக்கிறார்கள். அன்று ஊர்வலத்தில் நடந்தவர்கள், சிறையில் இருந்தவர்கள் யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் இன்னும் முழுதாக இல்லை. நெல்லை, தென்காசி மாணவர்கள் அடுத்த ஜூலைக்குள் அந்த வீடுகளைத் தேடிப் போய், அவர்கள் பேசுவதைப் பதிவுசெய்யத் தொடங்கலாம். கல்லுக்கு மனு எழுதும்போது முதல் இணைப்பாக அதை வைப்போம்.