வேலியோரத்து வெருகு

குறுந்தொகையில் வெருகு இரு முகங்களுடன் தோன்றுகிறது. 107ஆம் பாடலில் அது நள்ளிரவில் வீட்டெலியைப் பார்த்திருக்கிறது. 139ஆம் பாடலில் மாலை வேளையில் வேலிப்புறம் வந்து, மனைக்கோழியைத் தன் குஞ்சுகளை அழைத்துக் கூவச் செய்கிறது. எலியைக் கொல்வது ஒருவர்க்கு உதவி. கோழியைக் கவர்வது அடுத்தவர்க்கு இழப்பு. திரியும் பூனை பற்றிய அண்டைவீட்டுப் பிணக்கின் வித்து இதுவே.

மலையாளத்தில் ‘வெருகு’ இன்று மரநாய், புனுகுப்பூனை இனத்தைக் குறிக்கும்; வீட்டுப்பூனைக்கு, தமிழ்ப் ‘பூசை’யின் உறவுச்சொல்லான ‘பூச்ச’ வழங்குகிறது. மிளகும் அரிசியும் குவிந்த மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளுக்கு எலி பொதுப்பகை. அத்தகைய வணிகத் தெருவில் பூனை திரிவது குற்றமன்று, பணி. அதன் பயனும் தெருவுக்குப் பொது. கிடங்குகள் பல கலைப்பொருட் கடைகளாகவும் உணவகங்களாகவும் மாறியபின் அப்பயன் சுருங்கியது. சுவரொட்டிய வீடுகளிடையே எச்சமும் இரவுச் சண்டையும் எஞ்சின.

குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு விலங்குகளை முற்றாகத் தடைசெய்தல் செல்லாது என்று 2021இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வளர்க்கும் உரிமை பிறர்க்கான கடமையோடு இணைந்தது என்பதையும் அது நினைவூட்டியது. அன்று பூனையின் திரிதலும் பயனும் பொதுவாயிருந்தன. இன்று உடைமை தனியொருவர்க்கு. திரிதல் மட்டும் பொது. அக்கடமையின் தேவை இங்கேதான் பிறக்கிறது.