வெயில் வேறு, புழுக்கம் வேறு

டில்லியில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் சென்னைக்குத் திரும்பியவர்களில் சிலர் சாமான் லாரியில் ஏர் கூலரையும் ஏற்றிக்கொண்டு வந்ததுண்டு. கரோல் பாகில் மே மாத ராத்திரியிலும் போர்வை கேட்கவைத்த பெட்டி அது. மாம்பலத்தில் அதே பெட்டியை ஜன்னலோரம் வைத்து, ஜலம் ஊற்றி ஓடவிட்டால், இரண்டே நாளில் அப்பளம் நமுத்துப்போகும், படுக்கை பிசுபிசுக்கும். வியர்வை மட்டும் நிற்காது. பெட்டியில் கோளாறு ஒன்றும் இல்லை; ஊர்தான் வேறு.

ஜலம் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானையும் கூலரும் நம் வியர்வையும் செய்கிற வேலை இது ஒன்றுதான். காற்று உலர்ந்திருந்தால் வேலை நன்றாக நடக்கும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் நடக்காது. டில்லியில் மே மாத மத்தியானம் 42 டிகிரி வெயில், 20 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி சுமார் 24 டிகிரி காட்டும். சென்னையில் 35 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால், அதே ஈரத்துணி வெப்பமானி 29க்குக் கீழே இறங்காது. கூலரால் எவ்வளவு குளிர்விக்க முடியும் என்பதற்கு இதுவே எல்லை.

வடக்கே இந்த வித்தையைக் கரைத்துக் குடித்திருந்தார்கள். வெட்டிவேர்த் தட்டியால் அறை கட்டி, அதில் ஜலம் தெளித்து, கோடையைக் குளிர்காலமாக்கியதை அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் எழுதிவைத்திருக்கிறார். வெடியுப்பைக் கரைத்த ஜலத்தில் குடிநீர்க் குப்பியைச் சுழற்றிக் குளிர்விக்கும் முறையும் அதிலேயே இருக்கிறது. பின்னால் வந்த வெள்ளைக்காரர்களும் மேற்கு வாசலில் வெட்டிவேர்த் தட்டியைத் தொங்கவிட்டு, ஆள் வைத்து நனைத்தார்கள். கையால் சுற்றும் விசிறியை மரப்பெட்டிக்குள் வைத்து, பக்கங்களில் ஈர வெட்டிவேரை அடைத்து ஒரு யந்திரமும் செய்தார்கள். நம் கூலர் அதன் பேரன்தான். ஆளுக்குப் பதில் மோட்டார், வெட்டிவேருக்குப் பதில் மரச்சீவல். ஜூலையில் மழை பிடித்ததும் கூலரின் பம்பை நிறுத்திவிட்டு வெறும் விசிறியாக ஓட்டுவது டில்லிவாசிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சர்க்காரோ வேறு வழி கண்டது. 1864லிருந்து கோடை வந்தால் கோப்புகளோடும் குமாஸ்தாக்களோடும் சிம்லாவுக்கு ஏறிவிட்டது.

தெற்கே கதை வேறு. இங்கே ஜலம் உதவாது, காற்றோட்டம்தான் உதவும். நம் அக்ரஹார வீட்டை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் பக்கச் சுவர்களில் வெயில் படாது. வாசலும் கொல்லையும் மட்டும்தான் வெளியைப் பார்க்கும். திண்ணையைத் தாண்டினால் இருட்டாக ரேழி, அப்புறம் கூடம், நடுவே முற்றம். முற்றத்தில் சூடான காற்று மேலே எழும்பிப் போக, வாசலிலிருந்தும் கொல்லைக் கிணற்றடியிலிருந்தும் வேறு காற்று உள்ளே வரும். வாசல்படியில் நின்று பார்த்தால் நிலைகள் ஒரே நேர்கோட்டில் அமைந்து, கொல்லைக் கதவு வரை தெரியும். இதை வாஸ்து என்று சொன்னாலும் சரி, சௌகரியம் என்று சொன்னாலும் சரி. பிற்பாடு முற்றத்துக்குக் கூரை போட்டு 'ஹால்' ஆக்கியவர்கள் காற்றையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். எங்கள் பூர்விக வீட்டிலும் இந்தத் தப்பைச் செய்தோம்.

ஸ்ரீராம நவமிக்கு நீர்மோர், பானகத்தோடு விசிறியும் கொடுக்கிறோமே, இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான தானம் இல்லை. வியர்வையில் போன உப்பும் ஜலமும் மோரில் திரும்பிவிடும். மேலே படிந்த வியர்வையை விசிறி உலர்த்தும். கச்சேரிகளிலும் பெரிய பங்களாக்களிலும் இதே விசிறி கூரையில் தொங்கும் பங்காவாயிற்று. வெளியே வெயிலில் உட்கார்ந்து அதன் கயிற்றை இழுத்தவருக்கு விசிறத்தான் யாரும் இல்லை. 1899ல் கல்கத்தாவுக்கு மின்சாரம் வந்தது. பிறகு மற்ற ஊர்களிலும் மின்விசிறி சுழல ஆரம்பித்து, மெள்ள மெள்ளப் பங்கா மறைந்தது.

இடையில் ஐஸ் வந்த கதையும் உண்டு. 1833ல் பாஸ்டனிலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஏரிப் பனிக்கட்டியோடு புறப்பட்டு, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா வந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் அதே வியாபாரத்துக்காக 1842ல் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்துவிட, வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அந்தக் கட்டடத்தை வாங்கினார். வெளிச்சூடு உள்ளே வரக்கூடாது என்று கட்டிய கட்டடம். மனுஷர் குடியிருக்க ஆகுமா? கடற்கரையில் இருந்தும் காற்று நுழைய வழியில்லை. ஐயங்கார் ஜன்னல்கள் திறந்து, சுற்றிலும் தாழ்வாரம் எடுத்த பிறகே அது வீடாயிற்று. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் தங்கியது அங்கேதான். சகோதரி சுப்புலட்சுமி நடத்திய பால்ய விதவைகள் விடுதியும் பின்னாளில் அங்கே இருந்தது.

ஏர் கண்டிஷனர் பிறந்ததும் சூட்டுக்காக அல்ல. 1902ல் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரக் காற்றால் காகிதம் விரிந்து சுருங்கி, வர்ணங்கள் இடம் மாறி விழுந்தன. காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கேரியர் அமைத்த இயந்திரம் அது. சென்னையிலும் மும்பையிலும் கூலர் தோற்கிற இடத்தில் ஏ.சி. ஜெயிப்பதன் ரகசியம் இதுதான். ஆனால் ஏ.சி.யை நம்பிக் கட்டிய அடுக்கு மாடி வீட்டில் முற்றமும் இல்லை, எதிரெதிர் ஜன்னலும் இல்லை. கரண்டு போனால் ஜன்னல் திறக்காத ஐஸ் ஹவுஸ்தான்.

இது வெறும் சௌகரியக் கணக்கு அல்ல. 2010 மே மாதம் அஹமதாபாதில் 46.8 டிகிரி அடித்தபோது, அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிட்டார்கள். வயதானவர்களுக்கு வியர்ப்பது குறைவு, தாகம் எடுப்பதும் குறைவு. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, கதவைச் சாத்திக்கொண்டு மின்விசிறியின் கீழ் படுத்திருப்பவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! காற்றே 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் விசிறி குளிர்விப்பதற்குப் பதில் உடம்பில் சூட்டை ஏற்றக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. உடம்பை நனைத்துக்கொள்வதும், அவ்வப்போது ஜலம் குடிப்பதும், தினம் இருவேளை யாராவது போன் செய்து விசாரிப்பதும் அந்த நாட்களில் மருந்துக்குச் சமம்.

2013ல் அஹமதாபாத் நகராட்சி வெயில் காலத்துக்கென்று ஒரு திட்டம் வகுத்தது. பின்பு 2017ல் குடிசைப் பகுதிகளில் கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் தாத்தா பங்குனி கடைசியில் மொட்டைமாடியில் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வார். உகாதிக்காக என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.