மூத்தோர் பெயர்கள் முதுமையடைந்த கதை



உங்கள் வீட்டிலுள்ள பழைய காணி உறுதியொன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். மீராலெப்பை, உதுமாலெப்பை, ஆதம்பாவா, ஆசியா உம்மா, பாத்துமா நாச்சியா போன்ற பெயர்களை அதிற் காண்பீர்கள். இன்று பிறக்கும் குழந்தைக்கு இவற்றுள் ஒன்றைச் சூட்ட முன்வருவோர் மிகச் சிலரே. கிழவர் பெயர் என்று இளையோர் நகைக்கின்றனர்.

ஆயினும் உதுமான் என்பதும் உஸ்மான் என்பதும் ஒரே பெயரன்றோ? உஸ்மானை விரும்பிச் சூட்டுகின்றோம், உதுமாலெப்பையை ஒதுக்குகின்றோம். முதுமையடைந்தது பெயரன்று, அதன் தமிழ் உச்சரிப்பும், லெப்பை, பாவா, உம்மா, நாச்சியா என்னும் ஒட்டுக்களுமேயாகும். அறிஞர் சித்திலெப்பை 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலின் பெயர் ‘அசன்பே சரித்திரம்’. அன்று அசன் என எழுதுவதில் எவரும் குறை காணவில்லை. இன்று ஹஸன் என்று எழுதாவிடின் பெற்றோர் மனம் ஒப்பாது. அரபு மொழிக் கல்வி பரவியதும், ஆங்கில எழுத்திற் பெயர்களைப் பதியும் வழக்கமும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின.

வேறு காரணமும் உண்டு. முகைதீன் என்ற பெயர் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் நினைவாகவும், சாகுல் ஹமீது, மீராசாகிபு என்பன நாகூரில் அடங்கியுள்ள பெரியாரின் நினைவாகவும் இடப்பட்டவை. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் அவர் பேரால் கொடியேற்றம் நடைபெறும் கரையோரத்தில் இப்பெயர்கள் மலிந்திருந்ததில் வியப்பில்லை. அத்தகைய நேர்ச்சை வழக்கங்கள் குறித்துக் கருத்து வேறுபாடுகள் எழுந்தபோது, அவற்றோடு பிணைந்த பெயர்களும் அருகின. அவ்வழக்கங்களை ஏற்போரும் மறுப்போரும் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

முன்னர் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது குடும்பக் கடமையாகக் கருதப்பட்டது. ஆதலால் ஓரூரில் ஒரே பெயருடையோர் பலர் இருந்தனர். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறெவருக்கும் இல்லாத பெயரைத் தேடும் ஆவல் மிகுந்தது. ரிஸ்வான், ரிஸ்மி, ரிஸ்னா என உடன்பிறந்தாரின் பெயர்களை ஓசையால் இணைத்தனர். இவ்வோசை நயத்துக்காகப் பொருளே இல்லாத சொற்களும் பெயராயின என்பதை வருத்தத்துடன் குறிப்பிடவே வேண்டும். அன்று புதுமையாயிருந்த அப்பெயர்கள் இன்று வாப்பா, உம்மாமாரின் பெயர்களாகிவிட்டன. அவர்களின் பிள்ளைகளோ ரய்யான், அய்மன் என அழைக்கப்படுகின்றனர்.

நபி (ஸல்) அவர்கள் தமக்குப் பிறந்த ஆண்மகவுக்குத் தம் மூதாதையான நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரையே சூட்டினார்கள். எத்தனையோ தலைமுறைகள் கடந்த பெயர் அது.

நம் பெண்மக்கள் பலரின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பாத்திமா என்ற பெயர் முதலில் நிற்கிறது. வீட்டில் அழைப்பதோ அடுத்து வரும் புதுப் பெயரால். அழைக்கப்படாவிடினும் மூத்த பெயர் ஏட்டில் வாழ்கிறது. ஆண்களின் முதலெழுத்துக்களிலும் இவ்வாறே. 1915இல் மறைந்த ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அவர்களின் முதலெழுத்துக்கள் இத்ரூஸ் லெப்பை மரைக்கார் என விரியும். உங்கள் பெயரின் முன்னுள்ள எழுத்துக்கள் எவ்வாறு விரியும் என்பதை உங்கள் மூத்தவாப்பா இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.